நிற்கும்போதா, ஓடும்போதா? பழைய வண்டி ஹீட் ஆனால் காரணம் கண்டுபிடிக்கும் முறை

வண்டி ஹீட் ஆகிறது என்று வருகிறவர்களில் பலர் தீர்ப்பையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். "ரேடியேட்டர் போயிடுச்சுண்ணே, மாத்திடுங்க." "வாட்டர் பம்புதான், சிதம்பரத்துல ஒருத்தர் பார்த்துச் சொன்னாரு." கேட்டதை மாற்றிக் கொடுத்துக் காசு வாங்கிவிடலாம். வண்டி மறுபடி கொதிக்கும், பழி நம் மேல் விழும். அதனால் பானட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒன்றே ஒன்று கேட்பேன்: நிற்கும்போது ஹீட் ஆகிறதா, ஓடும்போது ஆகிறதா? பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும்.

என் பட்டறை கடலூர் முதுநகரில். வருவது பெரும்பாலும் மாருதி 800, ஆம்னி, சில மஹிந்திரா ஜீப்புகள், அபூர்வமாக ஒரு அம்பாசடர். இவற்றில் ஸ்கேனர் செருகுவதற்கு இடமே இல்லாத வண்டிகள்தான் அதிகம். ஆனால் கூலிங் சமாசாரம் முழுக்கக் கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கும். சொந்த வண்டியைச் சொந்தமாகப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும், மெக்கானிக்கிடம் போகும் முன் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள நினைக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

வழியில் கொதித்துவிட்டால்

டெம்பரேச்சர் மீட்டரின் முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணைத்துவிட்டு ஓரங்கட்டுங்கள். ஹீட்டர் உள்ள வண்டியாக இருந்தால் அதை முழுசாகத் திறந்து, அதன் ஃபேனையும் போட்டால் கொஞ்சம் சூடு இறங்கும். நம்ம ஊரில் ஹீட்டரை யார் தொடுகிறார்கள், அதன் கேபிள் துருவேறி நகராமல் கிடக்கும் என்பது வேறு விஷயம். ஆவி வர ஆரம்பித்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம், எஞ்சினை அணையுங்கள். இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே, ஆல்பேட்டை வரைக்கும் போய்விடலாம் என்று ஓட்டுவதில்தான் ஹோஸ் மாற்றுகிற வேலை எஞ்சின் இறக்குகிற வேலையாகிறது. பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடரில் ஹெட், அதாவது சிலிண்டர்களை மேலே மூடுகிற பாகம், வார்ப்பிரும்பு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். மாருதி 800-இல் ஹெட் அலுமினியம். சூடு மீறினால் வளைந்துவிடும்.

சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மூடியில் 0.9 என்று அச்சிட்டிருந்தால் உள்ளே 0.9 பார் அழுத்தம் வரை பிடித்துவைக்கும் என்று அர்த்தம். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரிக்குப் பக்கத்தில்தான் கொதிக்கும். மூடியைத் திருகியதும் அழுத்தம் போய்விடும். 100-க்கு மேல் சூடேறி நிற்கிற தண்ணீர் குபீரென்று ஆவியோடு சேர்ந்து முகத்துக்கு வரும். ஈரச் சாக்கைப் போட்டுத் திறக்கிறவர்களும் கையைச் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். அரை மணி, முக்கால் மணி ஆகட்டும். அப்புறம் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்குங்கள். விறைப்பாக இருந்தால் அழுத்தம் இன்னும் இருக்கிறது. தளதளவென்று அமுங்கினால் திறக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீரைக் குடத்தோடு கவிழ்க்கிற பழக்கமும் வேண்டாம். ஹெட் விரிசல் விடும்.

நிற்கும்போது ஹீட், ஓடினால் சரியாகிறது

லாரன்ஸ் ரோடு நெரிசலில் நிற்கும்போது முள் ஏறுகிறது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் போகிற வழியில் ஊர்ந்தால் சிவப்புக்கே போய்விடுகிறது. புதுச்சேரி ரோட்டில் அறுபதில் போனால் தானாக இறங்குகிறது. இப்படிச் சொன்னால் அது காற்றுக் கோளாறு. ஓடுகிற வண்டிக்குக் காற்று எதிரே வருகிறது. நிற்கிற வண்டிக்கு ஃபேனை விட்டால் வேறு கதி இல்லை.

மாருதியில் கரண்ட் ஃபேன். நிழலில் நிறுத்தி ஐடிலில் ஓடவிட்டு, முள் பாதியைத் தாண்டும்வரை பாருங்கள். ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸ். அது நன்றாக இருந்தால், கார்புரேட்டர் வண்டிகளில் ஃபேன் ஸ்விட்சின் ரெண்டு ஒயரையும் கழற்றி, சாவி ஆனில் இருக்கும்போது ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டாரும் ஒயரிங்கும் நல்ல நிலையில் இருக்கின்றன, ஸ்விட்ச்தான் செத்திருக்கிறது. சுற்றவில்லை என்றால் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக ஒயர் கொடுங்கள். அப்போது சுற்றினால் கோளாறு ரிலேயில் அல்லது கனெக்டரில் இருக்கிறது. கடற்காற்றுக்கு இந்த ஊரில் கனெக்டர்தான் முதல் பலி. பிளாஸ்டிக் சாக்கெட்டைப் பிரித்தால் செப்பு ஊசி பச்சை பூத்துப் பொடியாக உதிரும். கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வைத்த எம்பிஎஃப்ஐ வண்டிகளில் ஃபேனை ஈசிஎம் என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர் ஓட்டுகிறது. அங்கே இந்த ஒயர் தொடுகிற சோதனையைச் செய்யாதீர்கள்.

ஃபேன் சுற்றுகிறது, ஆனாலும் ஹீட் ஆகிறதா? தினசரித் தாள் ஒன்றை எடுத்து வண்டியின் முன்பக்கம், ரேடியேட்டர் எதிரே பிடியுங்கள். தாள் உள்ளே இழுக்கப்பட்டு ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளினால் ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. மோட்டார் மாற்றியவர் ரெண்டு ஒயரையும் மாற்றிச் செருகியிருப்பார். ஒட்டாமல் தொய்ந்து நின்றால் மோட்டார் வேகம் குறைந்துவிட்டது, இல்லையென்றால் ரேடியேட்டர் இடுக்குகள் அடைத்திருக்கின்றன. பூச்சி, சருகு, மண் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் ஒரு பாய் விரித்திருக்கும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சாதாரண ஹோஸ் தண்ணீர் அடியுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் கன்னைப் பக்கத்தில் கொண்டுபோனால் மெல்லிய இதழ்கள் எல்லாம் மடங்கி, இருந்த காற்றும் போகாது. கடற்கரைப் பக்கம் நிற்கிற வண்டிகளில் விரலால் தேய்த்தால் இதழ் உப்பாகக் கொட்டும். அதைக் கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான்.

ஜீப்பிலும் அம்பாசடரிலும் ஃபேன் பெல்ட்டில் ஓடுகிறது. ரெண்டு புல்லிக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் பெல்ட் 12 மில்லிமீட்டர் அளவுக்குத் தாழலாம். அதற்கு மேல் என்றால் நழுவுகிறது. ஜீப்புகளில் இன்னொன்று: ஃபேனைச் சுற்றி இருக்கும் தகரக் கூடை காணாமல் போயிருக்கும். எப்போதோ ரேடியேட்டரைக் கழற்றியவர் திரும்பப் பூட்டச் சோம்பல்பட்டு மூலையில் போட்டிருப்பார். அது இல்லாவிட்டால் ஃபேன், ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கவாட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஜீப் நின்றால் ஹீட், ஓடினால் சரி என்றால் நான் முதலில் தேடுவது அந்தக் கூடையைத்தான்.

ஆயுத பூஜைக்குக் கட்டிய மாலையும் வாழைக்கன்றும் வாரக்கணக்கில் கிரில்லில் காய்ந்து தொங்குகிற வண்டிகளும் வரும். அவிழ்த்துவிட்டு அனுப்பினால் போதும், கூலி கேட்க எனக்கே கூச்சமாக இருக்கும்.

ஓடும்போது ஹீட்

ஊருக்குள் ஒன்றும் இல்லை. நெய்வேலி போகும்போது, நாலு பேர் ஏறி கேப்பர் மலை ஏற்றத்தில் மிதிக்கும்போது முள் ஏறுகிறது. இப்படி என்றால் காற்று இருக்கிறது, தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் குழாய்கள், கீழ் ஹோஸ், வாட்டர் பம்ப் என்ற வரிசையில் பாருங்கள்.

வண்டியை நன்றாகச் சூடாக்கி அணைத்துவிட்டு, கரண்ட் ஃபேன் கனெக்டரைப் பிடுங்கிவிடுங்கள். எஞ்சின் அணைந்திருந்தாலும் ஃபேன் திடீரென்று சுற்றி விரலை எடுத்துவிடக்கூடும். அப்புறம் ரேடியேட்டர் முகத்தில் உள்ளங்கையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். டெம்பரேச்சர் கன் இருந்தால் இன்னும் நல்லது. சூடு ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டுத் திட்டாகக் குளிர்ந்த இடம் இருந்தால் அந்தக் குழாய்களில் தண்ணீர் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதை, திருப்பாதிரிப்புலியூரில் ரேடியேட்டர் பற்று வைக்கிற பெரியவர் ஒருவரிடம் பித்தளை ரேடியேட்டரைக் கொடுத்து, அவர் மேல் தொட்டியின் ஈயத்தை உருக்கிக் கழற்றும்போது பார்க்க வேண்டும். குழாய் வாய்களே தெரியாது. வெந்நீர்ப் பாத்திரத்தில் படியுமே, அதே வெள்ளைக் காறை, துருவோடு சேர்ந்து செம்மண் நிறத்தில் இறுகிக் கிடக்கும். போர் தண்ணீர் ஊற்றி ஊற்றி ஏறியது. கூடவே மஞ்சள் கட்டி. வழியில் ஒழுகும்போது மஞ்சள் தூளைப் போட்டு அடைத்துக்கொண்டு வீடு சேர்வது டிரைவர்களின் பழைய கைவைத்தியம். வீடு சேர்வதற்குச் சரி. சேர்ந்ததும் அலசிவிட வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். ஒழுகின ஓட்டையை அடைத்த மஞ்சள் ஒழுகாத குழாயையும் அடைக்கும். கடையில் விற்கிற லீக் பவுடருக்கும் இதே குணம்தான். பெரியவர் மெல்லிய பட்டைக் கம்பியை ஒவ்வொரு குழாயிலும் விட்டுக் குத்தி எடுத்து, தொட்டியை மறுபடி பற்றுவைத்துக் கொடுப்பார். பித்தளையில்தான் இது நடக்கும். பிளாஸ்டிக் தொட்டி வைத்த அலுமினிய ரேடியேட்டரில் இந்த வைத்தியம் செல்லாது, புதிதுதான் போட வேண்டும்.

கீழ் ஹோஸ் பம்பு இழுக்கிற பக்கம். ரப்பர் பழசாகித் தளர்ந்திருந்தால், உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கும் துருவில் போயிருந்தால், வேகத்தில் ஹோஸ் உள்ளே சப்பிக்கொள்ளும். நிறுத்திப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஒருவரை ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்லி நீங்கள் ஹோஸையே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தால் அது வேறு விஷயம். மூடியின் நடுவில் இருக்கும் சின்ன வால்வு, ஸ்பேர் பாட்டில் தண்ணீரைத் திரும்ப இழுக்க விடவில்லை. மூடியை மாற்றுங்கள், பழைய எண்ணிலேயே வாங்குங்கள். பெரிய எண் போட்டால் நல்லது என்று 1.1 போட்டால் பழைய ரேடியேட்டர் தையல் விட்டுவிடும்.

பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதன் கீழே ஈரம், அல்லது காய்ந்த பச்சை, செந்நிறக் கோடு தெரிந்தால் உள் சீல் போய்விட்டது. அந்தத் துளையை எம்-சீல் வைத்து அடைத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அடைத்தால் தண்ணீர் பேரிங்குக்குள் போகும், அவ்வளவுதான். பெல்ட்டைக் கழற்றிப் புல்லியை ஆட்டிப் பாருங்கள், ஆட்டமே இருக்கக்கூடாது. மாருதி 800-இல் பம்பும் ஆல்டர்னேட்டரும் ஒரே பெல்ட்டில் ஓடுகின்றன. அதனால் பேட்டரி விளக்கு எரிந்து கூடவே முள்ளும் ஏறினால் பெல்ட் அறுந்துவிட்டது என்று பானட்டைத் திறக்காமலே சொல்லலாம்.

தண்ணீர் ஓட்டம் எல்லாம் சரியாக இருந்தும் ஏற்றத்தில் ஹீட் ஆனால் கூலிங்கை விட்டு வெளியே வந்து பாருங்கள். டைமிங், அதாவது பிளக்கில் பொறி விழும் நேரம், பின்னால் தள்ளியிருந்தால் எஞ்சின் இழுக்காது, சூடு மட்டும் ஏறும். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். ஓட்டி வந்து நிறுத்தியதும் நாலு வீல் டிஸ்க்கிலும் கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மட்டும் அனல் அடிக்கும்.

ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ஹீட்

இதற்கு மூன்று காரணம்தான்: தண்ணீர் இல்லை, தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வு) திறக்கவில்லை, அல்லது ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் தகடு) போய்விட்டது. மேல் ஹோஸ் சூடேறாமலே இருக்க, முள் மட்டும் சிவப்பில் நின்றால் தெர்மோஸ்டாட் மேல்தான் சந்தேகம்.

அதைக் கழற்றினால் உடம்பில் 82 அல்லது 88 என்று பொறித்திருக்கும். திறக்க ஆரம்பிக்கும் டிகிரி அது. சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டைக் கயிற்றில் கட்டி, அடியில் தொடாமல் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். கூடவே ஒரு தெர்மாமீட்டர். ஜுரம் பார்க்கிறது உதவாது, 100 வரை காட்டுகிறது வேண்டும். 82-ஐ ஒட்டி நடுத்தட்டு மெல்ல விலக ஆரம்பித்து, தண்ணீர் கொதிக்கும்போது நன்றாக வாய் திறந்து நிற்க வேண்டும். கொதித்த பிறகும் மூடியே இருந்தாலோ கொஞ்சமாகத் திறந்து நின்றாலோ குப்பையில் போடுங்கள். வீட்டுச் சட்டியை எடுக்காமல் இருப்பது குடும்பத்துக்கு நல்லது.

இங்கேதான் பல பட்டறைகளோடு எனக்கு ஒத்துப்போகாது. "நம்ம வெயிலுக்கு இதெல்லாம் எதுக்குண்ணே" என்று தெர்மோஸ்டாட்டையே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். எடுத்தால் எஞ்சின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானம் ஏறும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியையும் அதுவேதான் மூடுகிறது. அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். ஹீட் ஆகக்கூடாது என்று எடுத்ததே ஹீட் ஆகக் காரணமாகிவிடும். புதிதை மாட்டும்போது அதில் ஆடுகிற சின்ன ஊசி இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும். காற்று வெளியேறும் வழி அது.

ஹெட் கேஸ்கட்டுக்கு வருவோம். காலையில் முழுக்க ஆறிய எஞ்சின். மூடியைத் திறந்து தண்ணீரை வாய்வரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் ரெண்டு குமிழி வந்து நின்றுவிட்டால் அது உள்ளே இருந்த காற்று. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க விடாமல் பொங்கினால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது. மூடி போட்டிருந்தால் எஞ்சின் சூடாவதற்கு முன்பே ஹோஸ் விறைத்துக்கொள்ளும். பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள்: மாருதி 800-இன் மூன்றில் ஒன்று மட்டும் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தால் அந்த சிலிண்டரில் தண்ணீர் இறங்குகிறது. சைலன்சரில் வெள்ளைப் புகை, எண்ணெய்க் குச்சியில் அளவு ஏறியிருப்பது, எண்ணெய் வெளுத்துக் கொழகொழவென்று ஆவது எல்லாம் அதே கதை. எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெளுப்பு இருந்தால் பதற வேண்டாம். கடைத்தெரு வரைக்கும் மட்டுமே ஓடுகிற வண்டிகளில் ஈரம் அப்படிப் படியும். குச்சியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எண்ணெயில் தண்ணீர் கலந்திருப்பது உறுதியானால் வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள், ஓட்டாதீர்கள்.

ஹெட் இறக்கினால் கேஸ்கட்டை மட்டும் மாற்றிப் பூட்ட விடாதீர்கள். நேர்ச்சட்டம் வைத்து, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 0.05 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் லேத்தில் ஃபேசிங் செய்யாமல் பூட்டக்கூடாது.

முள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்

தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் சென்சார் காற்றில் நிற்கும். முள் நடுவிலேயே இருக்கும், சில சமயம் கீழே கூட இறங்கும். ஓட்டுகிறவர் நிம்மதியாக இருப்பார், எஞ்சின் சீஸ் ஆகிக்கொண்டிருக்கும். ஹீட்டர் திறந்தும் சூடான காற்று வரவில்லை, முள் திடீரென்று இறங்கியது, எஞ்சின் இழுக்கவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். இதற்கு நேர்மாறாக, ஹெட்லைட் போட்டதும் முள் ஏறி, அணைத்ததும் இறங்கினால் எஞ்சினுக்கு ஒன்றும் இல்லை. மீட்டரின் எர்த் தளர்ந்திருக்கிறது.

தண்ணீர் குறைகிறது, தரையில் ஒரு சொட்டு இல்லை என்பவர்கள் முன் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். ஹீட்டர் கோர் ஒழுகினால் அங்கேதான் ஈரம், தித்திப்பு வாசனையும் வரும். எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் ஓட்டைகளை அடைத்திருக்கும் தகர மூடிகளான டம்மிகளும் உள்ளிருந்து துருவேறி ஓட்டையாகும். சூட்டில் ஒழுகி சூட்டிலேயே காய்ந்துவிடுவதால் தரைக்கு வராது. துருக்கோடு மட்டும் இருக்கும்.

நிரப்புவது

போர் தண்ணீர் வேண்டாம், ஆற்றுத் தண்ணீர் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். நம் ஊரில் தண்ணீர் உறையப் போவதில்லை. கூலண்ட் இங்கே துருவைத் தடுக்கத்தான். கெட்டிக் கூலண்ட் 30 சதவீதம், மீதி தண்ணீர் என்பது என் கணக்கு. கலந்தே விற்கிற கூலண்ட் என்றால் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றுங்கள். பச்சையையும் சிவப்பையும் கலக்காதீர்கள். வடித்த பழைய கூலண்டைத் தெருவில் கொட்டுவது பெரிய தப்பு. அதில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் தித்திக்கும், நாய் நக்கும், செத்துப்போகும்.

நிரப்பும்போது காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் புது ரேடியேட்டர் போட்டும் வண்டி கொதிக்கும். ஆம்னியில் இது ரொம்பவே நடக்கும். ரேடியேட்டர் முன்னால், எஞ்சின் சீட்டுக்கு அடியில், நடுவே நீளமான பைப்புகள். முன் சக்கரத்தை மேட்டில் ஏற்றி நிறுத்துங்கள். ஹீட்டரைத் திறந்துவையுங்கள். மூடியில்லாமல் ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விடுங்கள். குளுக் குளுக்கென்று காற்று வெளியேறி மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சூடாகும், மட்டம் ஒரேயடியாக இறங்கும். அப்போது மறுபடி நிரப்பி, குமிழி நின்ற பிறகு மூடியைப் போடுங்கள்.

அப்புறம் ரெட்டிச்சாவடி வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்து, அணைக்காமல் பத்து நிமிடம் ஐடிலில் நிறுத்துங்கள். ஃபேன் சுற்றி நின்று மறுபடி சுற்ற வேண்டும். கிளிப்புகளைச் சூடு ஆறியதும் ஒரு தடவை இறுக்குங்கள். மறுநாள் காலை ஆறின எஞ்சினில் மூடியைத் திறந்து மட்டம் பாருங்கள். ஒரு டம்ளர் குறைந்திருந்தால் மிச்சக் காற்று போனது என்று வைத்துக்கொண்டு நிரப்பிவிடலாம். அதற்கு அடுத்த நாளும் குறைந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. பம்புத் துளை, டம்மி, கார்ப்பெட் என்று முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்.